எட்டுக்கு நடுவில் வேலி

பெஞ்சில தூசி கெடக்கு சார், பொறுங்க, துண்டால தட்டி விடுதேன். ம், இப்ப உக்காருங்க. நகராட்சியில இருந்து ஆள் வரும், ஆள் வரும்னு ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டே இருந்தாக. இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. கையெழுத்து என்னுதுதானான்னு சரி பாக்கணும், அவ்வளவுதான? என்னுதுதான். ஆவுடையப்பன், வடக்குத் தெரு, கூட்டுறவு பண்டகசாலையில எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவன். வடக்கு லிஸ்டுல ஏழாவது பேரு. சரியா இருக்குல்லா?

தெக்கு லிஸ்டும் கையில வச்சிருக்கீங்கள்லா? அதுல முத கையெழுத்து யாருதுன்னு பாருங்க. ஞானசிகாமணின்னு இருக்கும். எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். அந்த ஒரு கையெழுத்தப் பத்தித்தான் உங்ககிட்ட நாலு வார்த்த பேசணும். அவசரமில்லையே? வெயில் தாழட்டும், இருங்க.

உங்களுக்கு எந்த ஊரு சார்? ஓகோ. அங்க எந்தப் பக்கம்? சரி, சரி, விடுங்க, சும்மாதான் கேட்டேன். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

இந்த இடம் முன்னால வெறும் பொட்டல். வடக்க நாங்க, தெக்க அவங்க, நடுவுல இந்தப் பொட்டல். சாதிக் கலவரம் வந்தப்ப ரெண்டு பக்கமும் இதுல நின்னுதான் கல்லெறிஞ்சாங்க. மூணு உசுரு போச்சு. எங்க பக்கம் எத்தன, அவங்க பக்கம் எத்தனன்னு கேக்காதீங்க, அந்தக் கணக்கு இந்த ஊருல ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுவாக. பொறவு ஒரு கலெக்டர் வந்தாரு. நல்ல மனுசன். பொட்டலா கெடந்தாத்தான கல்லு கெடக்கும், பூச்செடி வைப்போம்னு சொல்லி ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இந்தப் பார்க்கக் கட்டினாரு. வடக்க ஒரு கேட்டு, தெக்க ஒரு கேட்டு. நடக்கதுக்கு எட்டு மாதிரி ஒரு பாதை. எட்டு போட்டு நடந்தா சக்கரை எறங்கும், முட்டி வலி போகும்னு சொல்லுதாக பாத்தீங்களா, அந்த எட்டு.

எட்டுல ஒரு சங்கதி உண்டு சார். வடக்கு வட்டத்துல ஆரம்பிச்சவன் நடுவுக்கு வந்து தெக்கு வட்டத்துக்குப் போயே ஆகணும். தெக்க ஆரம்பிச்சவன் இங்க வந்தே ஆகணும். கலெக்டர் தெரிஞ்சுதான் போட்டாரோ என்னவோ. ஆனா நம்ம ஊர்க்காரங்க லேசுப்பட்ட ஆளுகளா? வடக்குக் கேட்டுல வந்தவன் வடக்கு வட்டத்தையே செக்கு மாடு மாதிரிச் சுத்திட்டுப் போயிருவான். தெக்க வந்தவன் தெக்கு வட்டம். யாரும் சட்டம் போடல, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல. அதுபாட்டுக்கு அப்படி ஆகிப்போச்சு. நெசமா எட்டு நடந்தது இந்த ஊருல ரெண்டே பேருதான். நானும் டாக்டரும்.

டாக்டர்னா மாட்டு டாக்டர், அந்த ஞானசிகாமணிதான். கால்நடை ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரா இருந்தவரு. ரிட்டயர் ஆகி தெக்க வீடு கட்டி இருக்காரு. எப்பேர்ப்பட்ட மனுசன்ங்கீங்க! சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது. பேச்சுல ஒரு அதிரடி இருக்காது. இங்கிலீசு பேப்பர் ஒரு வரி விடாமப் படிப்பாரு. பாத்தா அந்தப் பக்கத்து ஆளுன்னே சொல்ல முடியாது சார், இத நான் அவருகிட்டயே எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். சிரிச்சுக்கிடுவாரு.

எங்களுக்குள்ள பழக்கம் பார்க்குல வந்தது இல்ல, அதுக்கு முந்தியே உண்டு. எங்க வீட்டுப் பசு கண்ணு போட முடியாம ஒரு நாள் பூரா கெடந்து தவிச்சுது. இவருதான் வந்தாரு. சட்டையக் கழத்திப் போட்டுட்டு தொழுவத்துல முட்டுக்கால் போட்டு உக்காந்து, தோள் வரைக்கும் கைய விட்டு, கண்ணுக்குட்டிய உசுரோட எடுத்துக் குடுத்தாரு. தொழுவம் பின்னாலதான இருக்கு, அதனால பின்வாசல் வழியாத்தான் வந்தாரு, பின்வாசல் வழியாவே போனாரு. காப்பி குடிக்கீங்களா டாக்டர்னு கேட்டேன். நான் கேக்கல்லன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. கை அழுக்கா இருக்கு, இன்னொரு நாளைக்கு ஆகட்டும்னுட்டாரு.

பார்க்கு வந்த பொறவு தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவாரு. நான் இங்கருந்து நடப்பேன், அவரு அங்கருந்து நடப்பாரு. நடுவுல சந்திப்போம், அதுக்குப் பொறவு சேந்து நடப்போம். பன்னெண்டு சுத்து. அவருக்கு முட்டி, எனக்கு சக்கரை. பேசாத பேச்சு கெடையாது. எனக்கு வீட்டுல பேச்சுக் குடுக்க ஆள் இல்ல சார். எம் பொண்டாட்டிக்கு டிவி இருக்கு, பையனுக்கு போன் இருக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் ஒரு நாளத் தள்ளுவேன். கூடப் பொறந்தவன்கிட்டச் சொல்லாதத எல்லாம் அந்த மனுசன்கிட்டச் சொல்லிருக்கேன். இந்த வயசுல ஒரு சேக்காளி கெடைக்கது லேசு இல்ல பாத்துக்கிடுங்க.

அவரு வீட்டம்மா புஷ்பம் டீச்சர். எம் பொண்ணு காந்திமதிக்குப் பத்தாம் வகுப்புல கணக்கு எடுத்தது அவுகதான். கணக்குன்னா அழுவுத பிள்ளைய உக்கார வச்சு உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்து தொண்ணூத்தெட்டு மார்க்கு வாங்க வச்சாக. சில நாள் டீச்சரும் நடக்க வருவாக. கிறிஸ்மசுக்கு வீட்டுல கேக்கு செஞ்சு, டப்பாவுல போட்டு, இந்தா, நீங்க இருக்க இதே பெஞ்சிலதான் என் கையில தருவாக. வருசா வருசம் வாங்கிக்கிட்டேன் சார், ஒரு வருசம் வேண்டாம்னு சொன்னது இல்ல. வீட்டுக்குக் கொண்டு போக முடியாது, வீட்டுல ஒரு மாதிரி. அதனால பார்க்கு வாட்ச்மேன் பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். கீழ போடல. டப்பாவக் கழுவி, காலி டப்பா குடுக்கக் கூடாதுன்னு நாலு வாழைப்பழம் போட்டுத்தான் திருப்பிக் குடுப்பேன். கேக்கு எப்படி இருந்துச்சுன்னு கேப்பாக. நல்லா இருந்துச்சு டீச்சர்ம்பேன். எனக்கு என்ன, அவுக மனசு நோகக் கூடாது.

இப்ப இந்த வேலிக்கு வாரேன். வேலி கேக்கது இன்னைக்கு நேத்தைக்கு இல்ல. எங்க தெருப் பயலுக நாலு வருசமா மனு குடுத்துக்கிட்டு இருக்கானுவ. பார்க்குக்கு நடுவால கம்பி வேலி போடணும், வடக்குக் கேட்டு எங்களுக்கு, தெக்குக் கேட்டு அவங்களுக்கு. உங்க ஆபீசுல என்ன சொன்னாக? ரெண்டு பக்கத்துலருந்தும் அம்பது அம்பது பேரு சம்மதம்னு கையெழுத்துப் போட்டாத்தான் செய்வோம்னு சொல்லிட்டாக. வடக்க அம்பது பேரு பிடிக்கது பெரிய காரியமா? தெக்கயும் அந்தப் பயலுகளுக்கு வேலி வந்தாத் தேவலன்னு இருந்துச்சு, நம்ம இஷ்டத்துக்கு இருக்கலாம்லான்னு. ஆனா டாக்டர் போட மாட்டேன்னுட்டாரு. அவரு போடாட்டா அங்க ஒருத்தன் போட மாட்டான், அவ்வளவு மரியாத அவருக்கு. நாலு வருசம் இந்தப் பார்க்கு ரெண்டாப் போகாம நின்னது அந்த ஒரு மனுசனாலதான்.

நானா? நான் நாலு வருசமும் போட்டேன் சார். தெருவுல இருக்கேன்லா, நீட்டுனா போட்டுத்தான ஆகணும்? டாக்டர் போட மாட்டாருங்கிற தைரியத்துலதான் போட்டேன். அவருக்கும் தெரியும். ஒருநாள் நடந்துக்கிட்டு இருக்கும்போதே சிரிச்சுக்கிட்டுக் கேட்டாரு: "என்ன அண்ணாச்சி, இந்த வருசமும் ஏழாவது பேரு உங்களுதுதானா?" நானும் சிரிச்சுட்டேன். மறைக்கல, ஒளிக்கல, அப்படிப் பழகினோம்.

இந்த வருசம் ஆவணியில காந்திமதிக்குக் கல்யாணம் வச்சேன். எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகைன்னா தபால்ல போடுதது, போன்ல அனுப்புதது எல்லாம் கெடையாது. புருசனும் பொண்டாட்டியும் சேந்து வீட்டுக்குப் போகணும். தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், மேல பத்திரிகை வச்சு, உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வரணும். வாசல்லயே நின்னு குடுத்தாக்கூட அடுத்த பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாக. அப்படி முன்னூறு வீடு ஏறி எறங்கினோம்.

டாக்டருக்கு முத பத்திரிகையாக் குடுக்கணும்னு எனக்கு ஆசை. அதனால தாம்பாளம், பழம், வெத்தல எல்லாத்தையும் பையில வச்சு இங்க கொண்டு வந்துட்டேன். இதே பெஞ்சில தாம்பாளத்த வச்சு, ரெண்டு கையாலயும் எடுத்து முறையாக் குடுத்தேன். ஒரு குறை வைக்கல. அவரும் எந்திரிச்சு நின்னு வாங்கினாரு. வாங்கிட்டுச் சொன்னாரு, "வீட்டுக்கு வந்திருக்கலாமே அண்ணாச்சி, டீச்சர் காப்பி போட்டுருப்பாளே"ன்னு. "நமக்குள்ள என்ன டாக்டர், தினமும் பாக்கோம்லா"ன்னேன். உண்மைதான சார்? தினமும் பாக்குத ஆள எதுக்கு வீட்டுல போய்ப் பாக்கணும்?

கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்தாக. டீச்சர் பட்டுச்சேல கட்டி, தலையில பூ வச்சு வந்திருந்தாக. எனக்கு அவுகளப் பாத்ததும் ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் பயம். பந்தியில உக்கார வச்சு, பக்கத்து எலக்காரன் எந்திரிச்சுப் போயிட்டாம்னு வையிங்க, டாக்டருக்கு எவ்வளவு அவமானம்? அதனால மாடியில ஒரு ரூமுல ஏசியப் போட்டு, தனியா ரெண்டு எல போட்டு, நானே பக்கத்துல நின்னு பரிமாறினேன். அந்த மரியாத வேற யாருக்கும் கெடையாது சார். எஞ் சம்பந்தியே கீழ பந்தியிலதான் சாப்பிட்டாரு. டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிட்டாரு. டீச்சர், "பிள்ளைய ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன் அண்ணாச்சி"ன்னாக. கீழ மணவறையில எங்க ஆளுக பூராவும் நிக்காங்க. "கூட்டமா இருக்கு டீச்சர், நாளைக்குச் சாயங்காலம் நானே பார்க்குக்குக் கூட்டியாரேன்"ன்னு சொன்னேன். மறுநா மறுவீடு, அதுக்கு மறுநா பிள்ள பெங்களூருக்குப் போயிட்டா. மனசாரச் சொன்னதுதான், முடியாமப் போச்சு.

மார்கழியில டீச்சர் தவறிட்டாக. காய்ச்சல்னு படுத்தவுக பத்தே நாள்ல போயிட்டாக. காலையில வாட்ச்மேன் வந்துதான் சொன்னான். வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு நேரா இங்க வந்தேன். இந்த பெஞ்சில உக்காந்தேன். தெக்கருந்து ஜெபம் பண்ணுத சத்தம் கேக்குது, பாடுத சத்தம் கேக்குது. சாயங்காலம் எடுத்துட்டுப் போற வரைக்கும் எந்திரிக்கல சார். பச்சத் தண்ணி குடிக்கல. எங்க தெருவுல ஒரு சாவுன்னா எப்படி இருப்பமோ அப்படி இருந்தேன். அழுதேன். எம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த மகராசிலா? வீட்டுக்குப் போயித் தலையோட குளிச்சேன்.

நீங்க கேக்க வாரது தெரியுது. முன்னூறு அடி தூரம், போயிருக்கலாம்லா? போயிருக்கலாம். போனா நாற்காலி போடுவாக, ஒரு டீயாவது குடுப்பாக. வேண்டாம்னு சொன்னா அவரு மனசு சங்கடப்படும், துக்க வீட்டுல அப்படிச் சங்கடப்படுத்தலாமா? குடிச்சுட்டு வந்தா எந் தெருவுல எம் பாடு என்ன? புதுச் சம்பந்தம் பண்ணிருக்கேன், பிள்ள போன எடத்துல பேச்சு வந்துரக் கூடாதுல்லா? அவருக்கும் கஷ்டம் இல்லாம எனக்கும் கஷ்டம் இல்லாம இங்கனயே இருந்துட்டேன். யோசிச்சுப் பாத்தா அதுதான் சரின்னு உங்களுக்கே தோணும்.

பதினேழு நாள் கழிச்சு அவரு நடக்க வந்தாரு. தாடி வளந்து, பாதியா எளச்சு, அடையாளமே தெரியல. நேரா நடுவுக்குப் போனேன். துட்டி கேக்கணும்லா? எங்க பக்கம் துட்டி கேக்கதுன்னா, செத்தவுக வீட்டுக்குப் போயி, வாய் தெறந்து ஒண்ணும் பேசாம ரெண்டு கையையும் நீட்டணும். துக்கக்காரரு அந்தக் கையத் தொடணும். அவ்வளவுதான், அதுல எல்லாம் அடங்கிரும். கலியாணத்த மறந்தாலும் துட்டிய மறக்கக் கூடாது எங்களுக்கு. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னேன் சார். எட்டுக்கு நடுவுல, நடக்கவன் போறவன் எல்லாரும் பாக்க, எங்க தெருக்காரன் நாலு பேரு பாக்க, நீட்டினேன். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உங்களுக்குத் தெரியாது.

அவரு கையப் பாத்தாரு. என் முகத்தப் பாத்தாரு. தொடல. "அண்ணாச்சி, டீச்சர் செத்தது பார்க்குல இல்ல, வீட்டுல"ன்னாரு. சத்தமாக்கூடச் சொல்லல. சொல்லிட்டு அப்படியே திரும்பி தெக்கு வட்டத்துல நடந்து போயிட்டாரு. நான் நீட்டின கைய எப்ப மடக்கினேன்னு எனக்கே தெரியாது. இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.

அன்னையிலருந்து அவரு நடுவத் தாண்டல. தெக்கு வட்டத்தையே சுத்துதாரு. நான் நடுவுல போய் நின்னு பாப்பேன், "டாக்டர்"னு கூப்பிடுவேன், கும்பிடு போட்டுட்டுப் போயிருவாரு. மரியாத கொறையல, அதான் கொடும. ஏசிப்புட்டாக்கூட ஆறிரும். தை மாசம் எங்க பயலுக வழக்கம் போல மனுவக் கொண்டு வந்தானுவ. நானும் வழக்கம் போல போட்டேன், டாக்டர் பாத்துக்கிடுவாருன்னு. மறு வாரம் பயலுக பட்டாசு போடாத குறையா வாரானுவ. தெக்க முத கையெழுத்தே டாக்டருதுங்கான். நான் நம்பல சார். இப்ப உங்க காகிதத்துல பாத்த பொறவுதான் நம்புதேன்.

இன்னைக்கு நீங்க ரெண்டு லிஸ்டையும் சரி பாத்துட்டா என்ன ஆகும்? அடுத்த மாசமே வேலியா? யாராவது ஒருத்தரு, எனக்குச் சம்மதம் இல்ல, பேர அடிங்கன்னு சொல்லிட்டா? அம்பதுக்குக் கொறஞ்சா காகிதம் திரும்பிருமா? ரெண்டு பக்கத்துலயும் சரியா அம்பது அம்பதுதான் இருக்கா? அப்ப ஒருத்தரு போதுமா. ஒரே ஒருத்தரு.

என்ன சார் என்னையப் பாக்கீங்க? நான் எப்படி அடிக்க முடியும்? நான் தெருவுல குடியிருக்கவன். டாக்டருன்னா அவரு பக்கம் அவரு சொல்லு எடுபடும், அவரை ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது. அவருதான் அடிக்கணும். அடுத்து அவரு வீட்டுக்குத்தான போறீங்க? நான் சொன்னேன்னு சொல்லுங்க. இந்த எட்ட ரெண்டாக்கிட்டா நான் யாரோட நடப்பேன்னு கேளுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார், எனக்கு இந்த ஊருல வேற ஆளு இல்ல.

நானும் வாரதா? எங்க? ம்... சரி, நடங்க. கேட்டு வரைக்கும் வாரேன். இப்படி வாங்க, வேரு இருக்கு, கால் தட்டும்.

இதான் தெக்குக் கேட்டு. அந்தா மூணாவது வீடு, பச்சக் கதவு. முன்னால நிக்காரே, வெள்ள வேட்டி, அவருதான். நம்மளப் பாத்துட்டாரு. உள்ள போறாரு பாருங்க. கோவம் தீரல போல. இல்ல, இல்ல, வாராரு. நாற்காலி கொண்டு வாராரு. ரெண்டு நாற்காலி. வாசல்ல போடுதாரு. துண்டால தொடைக்காரு.

நீங்க போங்க சார். ஏன் நிக்கீங்க? நான் இங்கனயே நிக்கேன். செருப்பு வேற அந்து போற மாதிரி இருக்கு. அங்க பாருங்க, எங்க தெருக் குத்தாலிங்கம் வடக்கு வட்டத்துல நின்னு இங்கயே பாக்கான். அவரை இங்க வரச் சொல்லுங்களேன். பத்தடிதான். வந்தா பேசிருவேன், என்னத்தக் கேட்டாலும் பேசிருவேன்.

நின்னுக்கிட்டே இருக்காரு. இன்னும் நம்மளத்தான் பாக்காரு.

அடடே, ஒரு நாற்காலிய எடுத்துட்டாரு சார். உள்ள கொண்டு போறாரு. பாத்தீங்களா, இதத்தான் சொன்னேன். நான் இவ்வளவு தூரம் கேட்டு வரைக்கும் வந்து நிக்கேன், அவருக்கு எம்மேல என்ன கோவம்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க.